வேப்ப மரத்தடியில் என்ன கிடைக்கிறது?

"இயற்கையோடு இணைந்து வாழுங்கள்; நோய் உங்களை அண்டாது." இந்த அறிவுரையைக் கேட்காத நாளில்லை. மேடைப் பேச்சில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை இதழ்களில் வருகிறது. மருந்துக் கடைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலும் இருக்கிறது. பக்கத்தில் படம் ஒன்று போட்டிருப்பார்கள். அதில் அருவி கொட்டும், பச்சைப் புல்வெளி விரியும்.

இந்த அறிவுரையை அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, திருச்சுழி போகும் வழியில், பங்குனி மாதம் கரிசலில் பருத்தி எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். காலையிலிருந்து அவர் இயற்கையோடுதான் இருக்கிறார். தலைக்கு மேல் வானம், காலுக்குக் கீழ் மண், கைக்கு எட்டிய தூரத்தில் செடி. ஆயினும் அவருக்குத் தலைவலியும் நீர்க்கடுப்பும் தீர்ந்தபாடில்லை. அதே அருப்புக்கோட்டையில் தறிவீட்டுக்குள் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் நெசவாளியின் பிள்ளைக்கு, வெளியே போய் இரண்டு மணி நேரம் விளையாடு என்று சொன்னால் அது நல்ல அறிவுரை. ஒருவருக்கு நல்லதாக இருக்கும் அறிவுரை மற்றவருக்கு ஏன் பொருந்தவில்லை?

ஒரு மருந்தைக் கொடுக்கும்போது மருத்துவர் அதன் பெயரை மட்டும் சொல்வதில்லை. எவ்வளவு, எத்தனை வேளை, யாருக்குக் கூடாது என்றும் சொல்கிறார். 'இயற்கை' என்ற மருந்தைப் பரிந்துரைப்பவர்கள் மட்டும் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரையின் குறை கூறல் இதைப் பற்றியதே. இயற்கையால் நன்மை இல்லை என்று நான் வாதிடவில்லை. அந்த நன்மை எந்த வழியாக உடலுக்கு வருகிறது என்று கேட்காமல் பேசுவதால் வரும் குழப்பத்தைத்தான் சுட்டுகிறேன்.

ஆராய்ச்சிகள் சொல்வது என்ன?

முதலில், எதிர்த்தரப்பின் வாதத்தை நேர்மையாகக் கேட்போம். இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்டது. பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் குறிப்பேடுகளை அவர் ஆராய்ந்தார். வயது முதலியவற்றில் ஒத்தவர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 23 இணைகள் ஆக்கினார். ஒவ்வோர் இணையிலும் ஒருவரது அறைச் சன்னலில் மரங்கள் தெரிந்தன; மற்றவருக்குச் செங்கற்சுவர் தெரிந்தது. மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினார்கள். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாட்கள் ஆயின. கடுமையான வலிமருந்தும் மரத்தைப் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

நல்ல ஆய்வுதான். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். வேறுபாடு முக்கால் நாள். நோயாளிகள் 46 பேர். மருத்துவமனை ஒன்றே ஒன்று. மேலும், மரம் நன்மை செய்ததா, அல்லது வெறுஞ்சுவர் தீமை செய்ததா என்பதை இந்த ஆய்விலிருந்து பிரித்தறிய இயலாது.

அடுத்தது ஜப்பான். அந்நாட்டு வனத்துறை 1982இல் 'ஷின்ரின் யோகு' என்ற சொல்லை உருவாக்கியது. 'காட்டுக் குளியல்' என்று பொருள். மக்களைக் காடுகளுக்கு வரவழைக்கும் முயற்சியாக முதலில் பெயர் பிறந்தது. உடலை அளந்து பார்க்கும் ஆய்வுகள் பின்னர்தான் வந்தன. காட்டில் இரண்டு மூன்று நாள் நடந்து திரும்பியவர்களின் இரத்தத்தில் நோயெதிர்ப்பு அணுக்களின் செயல் கூடியிருந்தது என்று அவற்றுள் சில கூறின. அவற்றில் பங்கு கொண்டவர்கள் பத்து, பன்னிரண்டு பேர்தான். அவர்கள் அலுவலகத்தை விட்டு விடுமுறையில் போனவர்கள்; நன்றாக நடந்தவர்கள். காடு செய்ததா, ஓய்வு செய்ததா, நடை செய்ததா என்று பத்துப் பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்வது கடினம்.

மூன்றாவது இங்கிலாந்து. அங்கே 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று ஏறத்தாழ 20,000 பேரிடம் கேட்டறிந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள், "நாங்கள் நலமாக இருக்கிறோம்" என்று கூடுதலாகச் சொன்னார்கள். நாட்பட்ட நோயுள்ளவர்களிடமும் இதே போக்குக் காணப்பட்டது. இதிலிருந்துதான் 'வாரம் இரண்டு மணி நேரம்' என்ற வாய்பாடு உலகெங்கும் பரவியது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நலமாக இருப்பதால் வெளியே போகிறார்களா, வெளியே போவதால் நலமாக இருக்கிறார்களா? குடை பிடித்தவர்கள் அதிகமாக இருக்கும் நாளில் மழை பெய்கிறது. அதற்காகக் குடையால் மழை வந்தது என்று நாம் சொல்வதில்லை. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பு, எது காரணம் எது விளைவு என்பதைக் காட்டாது. ஆய்வாளர்களே இதை எச்சரித்திருக்கிறார்கள். செய்தியாக மாறும்போது எச்சரிக்கை உதிர்ந்துவிடுகிறது; 120 மட்டும் மிஞ்சுகிறது.

இந்தக் குறையைப் போக்க வழி உண்டா? உண்டு. சீட்டுப் போட்டுப் பிரிப்பதுதான் அந்த வழி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அப்படியொரு சோதனை நடந்து, 2018இல் முடிவு வெளியாயிற்று. குப்பை சேர்ந்து பாழாய்க் கிடந்த 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் அவற்றை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் குப்பையை அகற்றிப் புல்லும் சில மரங்களும் நட்டார்கள். இன்னொரு பகுதியில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டார்கள். பச்சை வைத்த மனைகளின் அருகில் வசித்தவர்களில், மனச்சோர்வு கொண்டிருப்பதாகச் சொன்னோர் தொகை, எதுவும் செய்யாத இடங்களோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை.

இந்தச் சோதனையை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே காடு இல்லை, அருவி இல்லை. தெருக்கோடியில் கொஞ்சம் புல்லும் இரண்டு மூன்று மரமும்தான்.

பிராணவாயுக் கணக்கு

நம் ஊர்களில் மரத்தின் நன்மையைப் பேசுகிறவர்கள் உடனே பிராணவாயுவுக்குப் போய்விடுவார்கள். "அரச மரம் இரவிலும் பிராணவாயு தருகிறது; வேப்பங்காற்றில் கிருமி சாகும்; சீமைக் கருவேல் காற்றை நஞ்சாக்குகிறது." இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செடிகள் வெளியிடும் பிராணவாயு நீரிலிருந்து வருகிறது. ஒளி நீரைப் பிளக்கும்போதுதான் அது பிறக்கிறது. ஒளி இல்லையேல் அந்த வேலை இல்லை. கள்ளி, கற்றாழை, அன்னாசி போன்ற சில செடிகள் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கிச் சேமித்துக்கொள்கின்றன என்பது உண்மை. வறண்ட நிலத்தில் நீரை வீணாக்காமல் பிழைக்க அது ஒரு வழி. ஆனால் அவையும் பிராணவாயுவை வெளியிடுவது பகலில்தான். எனவே அரச மரம் உட்பட எந்த மரமும் இரவில் பிராணவாயு தருவதில்லை.

சரி, பகலிலாவது மரத்தடியில் நமக்குக் கூடுதல் பிராணவாயு கிடைக்கிறதா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் பிராணவாயு ஏறத்தாழ 550 லிட்டர்; அதாவது அரைக் கன மீட்டருக்குச் சற்று மேல். 10 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் உள்ள ஒரு மரத்தடியில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசுவதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு நொடியிலும் 50 கன மீட்டர் காற்று உள்ளே வருகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 10 கன மீட்டர், பிராணவாயு. ஒரு நொடியில் வரும் அந்தக் காற்றில் ஏறத்தாழ இருபது பேருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பிராணவாயு இருக்கிறது! இந்த வெள்ளத்தில் ஒரு மரம் சேர்க்கும் துளி எம்மாத்திரம்? மரத்தடியிலும் வெட்டவெளியிலும் காற்றில் பிராணவாயுவின் அளவு 21 விழுக்காடுதான். இரவில் புளிய மரத்தடியில் படுத்தால் கரியமில வாயு மூச்சை முட்டும் என்ற அச்சமும் இதே கணக்கில் கரைந்துபோகிறது.

வேம்பில் பூச்சிகளை ஒடுக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் இருக்கிறது. அது பெரும்பாலும் விதையில் உள்ளது, மூலக்கூறு பெரியது, எளிதில் ஆவியாகாது. வேப்பெண்ணெயில் அது இருப்பதால் வேப்பங்காற்றிலும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இனிச் சீமைக் கருவேல். நம் வட்டாரத்தின் கண்மாய்களையும் தரிசுகளையும் அது பிடித்துக்கொண்டிருப்பதை நாம் அறிவோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். அது உள்ளே வாங்குவதைவிட அதிகமான கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்று துண்டறிக்கைகள் சொல்கின்றன. அப்படியானால் கரிமூட்டம் போடுகிறவர் எடுக்கும் கரி எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து அன்று, காற்றிலிருந்த கரியமில வாயுவிலிருந்துதான் வந்தது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. ஒரு கிலோ காய்ந்த விறகு உருவாக, மரம் சுமார் 1.8 கிலோ கரியமில வாயுவை வாங்கி, சுமார் 1.3 கிலோ பிராணவாயுவை விட்டிருக்க வேண்டும். வளரும் எந்த மரமும் இந்தக் கணக்கை மீற முடியாது.

இதைச் சொல்வதால் சீமைக் கருவேலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதன் குற்றம் வேறு. கண்மாயின் உட்பகுதியை அடைத்துக்கொள்கிறது. புல்லையும் பிற செடிகளையும் ஒடுக்குகிறது. அதன் முள்ளால் ஊர்ப் பொதுநிலத்தில் யாரும் கால் வைக்க முடிவதில்லை. அதன் அடியில் உட்கார்ந்து இளைப்பாறியவர் யார்? இல்லாத நஞ்சைச் சொல்லிக்கொண்டிருந்தால், இருக்கும் இந்தக் குற்றம் கண்ணில் படாமல் போய்விடும்.

வெயிலின் எடை

ஆக, பிராணவாயு இல்லை, மருந்துக் காற்று இல்லை. பின் வேப்ப மரத்தடியில் நமக்குக் கிடைப்பதுதான் என்ன? இதற்கு விடை வெப்பவியலில் இருக்கிறது.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வடக்கே ஏறத்தாழ 9.5 டிகிரி அட்சரேகையில் உள்ளன. சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி, ஏப்ரல் 14, 15 தேதிகளில், நண்பகலில் கதிரவன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. ஆகஸ்டு இறுதியில் மீண்டும் ஒரு முறை அப்படி நிற்கும். லண்டன் நகரில் கோடையின் உச்சமான ஜூலை மாதத்தில்கூடப் பகல் வெப்பநிலை சராசரியாக 23, 24 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. இங்கே சித்திரையில் அது 38, 40 என்று நிற்கிறது. வாரம் 120 நிமிடம் என்ற வாய்பாடு எந்த வெயிலில் பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

தெளிந்த வானத்தில், நண்பகலில், ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் கதிரவ ஆற்றல் சுமார் 1000 வாட். குனிந்து வேலை செய்யும் ஒருவரின் முதுகும் தலையும் கால் சதுர மீட்டர் பரப்பு என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அவர் மீது 250 வாட் விழுகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு உடலிலும் உடையிலும் இறங்கினால் சுமார் 165 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் உண்டாக்கும் வெப்பமே 100 வாட் அளவுதான். அதாவது, வெயிலில் நிற்பவர் தம் உடம்பின் வெப்பத்தைவிடப் பெரிய இன்னொரு வெப்பத்தை முதுகில் சுமக்கிறார்.

மண் வெட்டும்போது உடலுக்குள் உண்டாகும் வெப்பம் 300 வாட் வரை ஏறும். வெயிலையும் கூட்டினால் 465 வாட். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று 38 டிகிரி. எனவே காற்றும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளாது, கொடுக்கத்தான் செய்யும். மிஞ்சிய ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 0.7 லிட்டர் வியர்வை. நான்கு மணி நேர வேலைக்கு ஏறத்தாழ 3 லிட்டர். அதில் ஒரு லிட்டர், வெயிலுக்கு மட்டும் செலுத்திய வரி. அந்த 3 லிட்டரும் உப்போடு சேர்ந்து உடம்புக்குத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் இரத்தம் சுருங்கி, சிறுநீரகத்தின் பாடு திண்டாட்டமாகிவிடும். நம் முன்னோர் உப்புப் போட்ட நீராகாரத்தையும் மோரையும் காட்டுக்குத் தூக்கிச் சென்றதன் பொருள் இதுதான்.

கணக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 2017இல் தொடங்கி, தமிழ்நாட்டில் வேலை செய்யும் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயல், செங்கற்சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு, அவ்வாறு வெப்பத்தில் வேலை செய்யாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று 2024இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. அதே 2024ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. 'இயற்கையோடு இருங்கள்' என்ற அறிவுரை இந்தப் பெண்களின் காதில் எப்படி விழும்?

நிழலிலும் வகை உண்டு

இப்போது அதே மனிதரை வேப்ப மரத்தடிக்கு அழைத்து வருவோம். அங்கே காற்றின் வெப்பநிலையை அளந்தால் பெரிய வேறுபாடு இராது. காற்று வெளியிலிருந்துதானே வருகிறது. ஆனால் அந்த 165 வாட்டில் பெரும்பகுதி நின்றுவிடுகிறது. வெப்பமானி இதைக் காட்டாது. உடம்பு உடனே காட்டிவிடும்.

நிழல்தானே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. வெயிலில் காயும் கூரை 60 டிகிரிக்கு ஏறினால், அதன் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 700 வாட் வெப்பக் கதிர்களைக் கீழே வீசும். 35 டிகிரியில் உள்ள பரப்பு சுமார் 510 வாட்தான் வீசும். கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்ற ஸ்டீபன்–போல்ட்ஸ்மான் விதியை மேல்நிலை வகுப்பில் படித்திருப்பீர்கள். அது இங்கே நம் தலைக்கு மேல் வேலை செய்கிறது. கூரைக்கும் இலைக்கும் உள்ள வேறுபாடு சதுர மீட்டருக்கு 190 வாட்.

இலை ஏன் சூடேறுவதில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று, அது நீரை ஆவியாக்குகிறது. இரண்டு, வேம்பின் சிற்றிலைகள் சிறியவை. சிறிய பரப்பிலிருந்து வெப்பத்தைக் காற்று விரைவாக வாரிக்கொண்டு போகும். நீர் குறைந்து இலைத்துளைகள் மூடிக்கொள்ளும் காலத்தில்கூட இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது. இன்னொரு சிறப்பும் வேம்புக்கு உண்டு. மாசியில் இலையை உதிர்த்து, வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில் புதுத்தளிரோடும் பூவோடும் நிற்கிறது. நிழல் மிகவும் வேண்டிய நேரத்தில் நிழல் தயாராக இருக்கிறது.

மாணவர்கள் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழை, கறுப்பு வண்ணம் பூசிய சிறு தகர டப்பாவின் நடுவில் தொங்குமாறு பொருத்துங்கள். மற்றதைப் புத்தக அட்டை கொண்டு வெயில் படாமல் மறைத்துத் திறந்த காற்றில் தொங்கவிடுங்கள். நண்பகலில் வெட்டவெளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரையடி, வேப்ப மரத்தடி ஆகிய மூன்று இடங்களிலும் கால் மணி நேரம் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். திறந்த வெப்பமானி காற்றைச் சொல்லும். கறுப்பு டப்பா கதிர்வீச்சையும் சேர்த்துச் சொல்லும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி எந்த இடத்தில் குறைகிறதோ, அதுவே நல்ல நிழல்.

கண்ணுக்கும் எலும்புக்கும்

வெயிலைக் குறை கூறியதால், எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். தறிவீட்டுப் பிள்ளையை மறந்துவிடவில்லை.

குழல்விளக்கு எரியும் வகுப்பறையில் ஒளியின் அளவு சுமார் 300 லக்ஸ். வெட்டவெளியில் நண்பகலில் ஒரு லட்சம் லக்ஸ். மரநிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்தப் பெரும் வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை. வளரும் விழித்திரைக்கு உறைக்கிறது. சீனத்தின் குவாங்சௌ நகரில் பள்ளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பிரிவின் முதல் வகுப்புக் குழந்தைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருக்கச் செய்தார்கள். மூன்றாண்டுக்குப் பின், 2015இல் வெளியான முடிவு: வெளியே இருந்தவர்களில் கிட்டப்பார்வை வந்தோர் 30.4 விழுக்காடு, மற்றவர்களில் 39.5 விழுக்காடு. இந்தத் துறையில் இவ்வளவு தெளிவான சோதனைகள் அதிகம் இல்லை. இந்த நன்மைக்குக் காடு தேவையில்லை. கொளுத்தும் வெயிலும் தேவையில்லை. பள்ளி முற்றத்து மரநிழல் போதும்.

வைட்டமின் டி பற்றி ஒரு திருத்தம். "காலை இளவெயிலில் நில்லுங்கள், வைட்டமின் டி கிடைக்கும்" என்பார்கள். தோலில் அதை உண்டாக்குவது குறிப்பிட்ட புறஊதாக் கதிர். கதிரவன் தாழ்வாக இருக்கும்போது ஒளி நெடுந்தொலைவு காற்றைக் கடந்து வருவதால், ஓசோன் அடுக்கு அந்தக் கதிரைப் பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது. காலை ஏழு மணி வெயில் இதமாக இருக்கும். வைட்டமினுக்கு அவ்வளவாக உதவாது. எளிய விதி ஒன்று உண்டு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்தக் கதிர் போதிய அளவு வருகிறது என்று பொருள். நம் வட்டாரத்தில் ஆண்டின் எல்லா மாதங்களிலும் காலை பத்து மணியை ஒட்டி இந்த நிலை வந்துவிடும். அப்போது கைகாலில் சிறிது நேரம் வெயில் பட்டால் போதும். கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே நின்றால் பயனில்லை. கண்ணாடி அந்தக் கதிரை நிறுத்திவிடும்.

அறிவுரையைத் திருத்தி எழுதினால்...

இப்போது அறிவுரையை மறுபடி எழுதிப் பார்ப்போம். வீட்டுக்குள் உழைப்பவருக்கும் படிக்கும் பிள்ளைக்கும்: நாள்தோறும் காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் வெளியே, நண்பகலானால் மரநிழலில். கண்மாய்க் கரையில் நடை என்றால் இன்னும் நல்லது. நடையின் நன்மையும் மனத்தின் ஆறுதலும் சேர்ந்து வரும். வெயிலில் உழைப்பவருக்கு இயற்கையின் அளவை இன்னும் கூட்ட வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது நிழல், நீர், ஓய்வு, வேலை நேர மாற்றம்.

இது தனி மனிதருக்குச் சொல்லும் அறிவுரையோடு முடிகிற காரியமன்று. நம் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மலையும் காடும் உண்டு. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. நாட்காட்டிப் படத்தின் இயற்கை அதுவே. ஆனால் பரளச்சியிலோ நரிக்குடியிலோ இருப்பவருக்கு நாள்தோறும் வேண்டியது பேருந்து ஏறிப் போய்ப் பார்க்கும் காடு அன்று. பேருந்து நிற்கும் இடத்தில், பள்ளி முற்றத்தில், சந்தை கூடும் திடலில், ரேஷன் கடை வரிசையில் ஒரு மரம் வேண்டும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி, குழந்தைகளுக்கு நிழல் ஆகியவை இருக்க வேண்டும் என்று கூறியது. குழந்தைகளுக்கு நிழல் என்று எழுதினார்கள். மண் சுமக்கும் தாய்க்கு நிழல் என்று எழுதவில்லை. மேலே போட்ட கணக்கின்படி, அந்த நிழல் மணிக்குக் கால் லிட்டர் வியர்வையை மிச்சப்படுத்தும்.

பிலடெல்பியாவின் காலி மனைகளையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பொதுநிலத்தில் சீமைக் கருவேலை வெட்டுவதோடு நிறுத்தினால் அது குப்பையை மட்டும் அள்ளியதற்குச் சமம். சில ஆண்டில் மரம் மறுபடி துளிர்த்தும் விடும். வேரோடு எடுத்து, அந்த இடத்தில் வேம்பும் புங்கையும் நட்டு, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் அது உட்காரும் இடமாக மாறும். மரம் நடும் விழாக்களுக்கு நம்மிடம் குறைவில்லை. இரண்டாவது கோடையில் குடம் தூக்குவதற்குத்தான் ஆள் குறைவு.

இனிமேல் இயற்கையின் பெயரால் யாராவது உங்களுக்கு நலம் வாக்களித்தால், அருவிப் படத்தைப் பார்த்து மயங்காமல், அந்த நலம் எந்த வழியாக வருகிறது, எவ்வளவு நேரம் வேண்டும், யாருக்கு என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவர் சொல்லட்டும். தெரியாதவர், சித்திரை மாத நண்பகலில் கண்மாய்க்குள் அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கரையிலுள்ள வேப்ப மரத்துக்கு வரட்டும்; பாதி விடை அங்கேயே தெரிந்துவிடும்.